லேபிள் அடித்தாயிற்று

என் மச்சினன் கால்பந்துப் பயிற்சியாளர் பொறுப்பை இழந்ததற்குக் காரணம் நான்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்து, வாசிப்பவர் என்னை நல்ல மனிதன் என்று நம்பிய பிறகு சொன்னால் அது இரண்டாவது குற்றமாகிவிடும்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். விளையாடியதில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு வெளிநாட்டு லீக் ஆட்டங்களைப் பார்த்து அந்த அணிகளைத் திருத்துவேன். சீசன் தொடங்கும் ஆகஸ்ட் மாதம்தான் எனக்கு வேலை அதிகம். கோடிகளைக் கொட்டி வாங்கிய ஃபார்வர்ட் ஆட்டக்காரர், ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தைக் கூரைக்கு மேலே அனுப்புவார். பிறகு தன் காலணியைக் குனிந்து பார்ப்பார், தப்பு அதனுடையது போல. நான் எழுந்து நின்று கத்துவேன்.

"அவன் ஏழு கடல் தாண்டி இருக்கான்," என்பாள் என் மனைவி. "நீங்க கத்துறது அவனுக்குக் கேக்கவா போகுது? எனக்குத்தான் காது வலிக்குது."

அங்கே எனக்கு மிகவும் ஆத்திரமூட்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய அணி ஒன்று தொடக்கத்திலேயே வரிசையாகத் தோற்கும். உடனே நிர்வாகம் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆட்டக்காரரை அனுப்ப முடியாது, அவருக்குப் போட்ட பணம் பெரியது. அதனால் சின்னச் சம்பளக்காரரின் தலை உருளும். "அயோக்கியத்தனம்!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கை நீட்டுவேன். அப்போது என் பக்கத்தில் பெரும்பாலும் என் மச்சினன் உட்கார்ந்திருப்பார்.

அவர் என் மனைவியின் தம்பி. சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலை செய்த காலமெல்லாம் அவர் சொன்னது மிகச் சில வாக்கியங்கள்தான். ஓடாதே. போடாதே. இழுக்காதே. மெல்ல வை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் நிற்காதே. எங்கள் பக்கத்தில் பட்டாசு அறைக்குள் நாலு பேர்தான் என்பது சட்டம். அதை மீறினால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் கால்பந்து அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். சம்பளம் கிடையாது. கழுத்தில் ஒரு விசில் உண்டு.

என்னோடு ஆட்டம் பார்க்கும்போது அவர் கோலைப் பார்க்கமாட்டார். கார்னர் அடிக்கும் நேரத்தில் பெனால்டி பாக்ஸுக்குள் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

"எம்புட்டு பேரு ஒரே எடத்துல நிக்கான் பாருங்க அத்தான். சொல்ல ஒரு ஆளு இல்லியா அங்கன?"

அவருடைய அணியும் அவரைப் போலத்தான் இருந்தது. வாரமெல்லாம் வெடிமருந்தைக் கையாளும் ஆட்கள். பந்தை உதைக்கமாட்டார்கள், கொண்டுபோய் வைப்பார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதமாட்டார்கள். கார்னர் வந்தால் நாலு பேர் பாக்ஸுக்குள் போவார்கள், ஐந்தாமவர் கோட்டோடு நின்றுவிடுவார். ஒருமுறை ஐந்தாமவரிடம் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

"ஏற்கனவே நாலு பேரு இருக்காகளே சார்," என்றார், நான் ஏதோ தப்பான காரியத்துக்குத் தூண்டுகிற மாதிரி.

மாவட்டத்தில் கம்பெனி அணிகளுக்குள் ஒரு லீக் உண்டு. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்துவிட்டு, மெதுவாக வேலையை எடுக்கும் கார்த்திகையில் அது தொடங்கும். இந்த அணி ஒவ்வொரு வருடமும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. எனக்குத்தான் இருந்தது.

கம்பெனி முதலாளி என் பழைய மாணவர். வேதியியலில் சுமார், வியாபாரத்தில் கெட்டி. போன தீபாவளி விற்பனை அவருக்கு நன்றாக அமைந்தது. அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்கு அடுத்த இலையில் உட்காரும் துரதிர்ஷ்டம் அந்த அணிக்கு என் மூலமாக வந்தது. ரசம் வருவதற்குள் அணிக்கு என்ன குறை என்று சொல்லி முடித்துவிட்டேன்.

"தடுப்பு நல்லா இருக்கு. முடிக்கத்தான் ஆள் இல்லை. வெளியிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரரைக் கொண்டு வரணும்."

"கொண்டு வந்துருவோம் சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் இனிமே நம்ம டீமுக்கு ஆலோசகர்."

பாயசத்தை நான் ஆலோசகராகக் குடித்தேன்.

மலப்புரம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய மாணவர் மூலம் ஒருவரைப் பிடித்தேன். அங்கே அறுவடை முடிந்த வயல்களில் அணிக்கு ஏழு பேராக ஆடும் ஆட்டத்தில் பெயரெடுத்தவர். தொலைபேசியில் அவர் நேர்மையாகத்தான் பேசினார்.

"சாரே, ஞான் செவன்ஸ் பிளேயர். சின்ன கிரவுண்டு. பெரிய கிரவுண்டுல ஓடி வருஷம் ஆச்சு. முட்டியும் கொஞ்சம் பிரச்சனை."

"நம்ம கிரவுண்டு அப்படி ஒன்றும் பெரியதில்லை," என்றேன்.

அது பெரிய கிரவுண்டு. அந்தக் கோடியில் நிற்பவரை இந்தக் கோடியிலிருந்து அடையாளம் தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பந்தியில் சொன்ன சொல் ஒன்று இருந்தது. அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் கேட்ட சம்பளம் பெரிதாக இருந்ததால், ஆளும் பெரியவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடைத்தெருவில் வத்தல் வாங்கும்போதுகூட நான் அப்படி நினைப்பதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். முதலாளி அடுத்த தீபாவளிக்குப் புதிதாக ஒரு ராக்கெட் போடுவதாக இருந்தார். பெட்டிக்கு என்ன படம் போடுவது என்று கேட்டார். மலப்புரத்து ஆட்டக்காரரையே போடலாமே என்றேன். கால் தூக்கி நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றை அவர் அனுப்பியிருந்தார். பின்னால் வானம், சுற்றிலும் தீப்பொறி, மேலே சிவப்பில் 'கோல் ராஜா'. சிவகாசியில் எதையும் அச்சடிக்க நேரமாகாது. அவர் விருதுநகரில் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர் முகம் கட்டுக் கட்டாகக் கம்பெனி அலுவலகத்தில் வந்து இறங்கிவிட்டது.

நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். படத்தில் இருந்ததைவிட அகலமாக இருந்தார். நல்ல சிரிப்பு. பசிக்கிறது என்றார். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு அழைத்துப் போனேன். அது எண்ணெயிலேயே மிதந்து முறுகி வரும் வஸ்து. அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார், கண்ணை மூடினார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, இது எல்லா நாளும் கிட்டுமா?"

அணியின் சீசன் அந்த மேசையிலேயே ஆட்டம் கண்டுவிட்டது என்று பின்னால் மச்சினன் சொன்னார். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு.

கம்பெனி மைதானத்தில் முதல் நாள் பயிற்சி. மச்சினன் விசில் ஊதினார். நான் கொண்டுவந்த நட்சத்திரம் மைதானத்தின் நடுவில் நின்று சோம்பல் முறித்தார். திடீரென்று "ஹோய்!" என்று பெரிய சத்தம் போட்டுக்கொண்டு கோலை நோக்கிப் பாய்ந்தார். அவருடைய ஊரில் அப்படிச் சத்தம் போட்டால் பந்து கொடு என்று அர்த்தமாம்.

எங்கள் ஊரில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அணி மொத்தமும் ஓடியது. பந்தை நோக்கி அல்ல, வாசலை நோக்கி. கோல்கீப்பர் வலையின் கீழே நுழைந்து வெளியேறினார். வேடிக்கை பார்த்த வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார், அது அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த வேலை. நட்சத்திரம் தனியாகப் போய்க் கோல் அடித்துவிட்டுக் கையை விரித்தபடி திரும்பினார். மைதானத்தில் அவரும் மச்சினனும்தான் இருந்தார்கள்.

"எல்லாரும் எவிடப் போயி?"

"வந்துருவாக தம்பி," என்றார் மச்சினன். "நீங்க மட்டும் சத்தம் போடாதீக. இங்கன யாரும் அப்படி ஓடுறதில்ல."

பிறகு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தான், பந்து அவருக்கு நல்லா ஒட்டுது. ஆனா அஞ்சாறு எட்டுக்கு மேல மூச்சு வாங்குது. இவரு முழு கிரவுண்டு ஆடி இருக்காரா? நீங்க கேட்டீகளா?"

"கேட்டேன் மாப்ளே. ஆடியிருக்கார்."

அவர் தலையாட்டினார். நான் படித்தவன், அக்காள் புருஷன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு முதலாளி குடும்பத்தோடு வந்தார். ராக்கெட் மாதிரிகள் ஒரு பெட்டி நிறைய ஓரமாகக் காத்திருந்தன, கோல் விழுந்தால் விடுவதற்கு. நட்சத்திரம் எதிரணியின் கோலுக்கு முன்னால் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பந்து வரும்போது அதைக் காலோடு ஒட்டவைத்து ஒரு சுற்று சுற்றுவார். அழகாகத்தான் இருக்கும். சுற்றி முடிந்ததும் யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்ப்பார். உள்ளே ஏற்கனவே எதிரணி ஆட்கள் மூன்று பேர் இருப்பார்கள், இவரோடு சேர்த்து நாலு. எங்கள் ஆட்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்று அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உள்ள வா! உள்ள வா!" என்று அவர் கெஞ்சினார்.

"எடம் இல்லண்ணே!" என்று இவர்கள் திருப்பிக் கத்தினார்கள்.

அவருடைய சம்பளம் எவ்வளவு என்று அலுவலகத்து ஆள் யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பார்வையாளர்களின் பக்கத்தில், அவர் ஒருமுறை பந்தைத் தொட எவ்வளவு ஆகிறது என்று ஒரு கணக்கு நடந்தது.

"ஏலே, தொட்டுட்டாருலே பந்தை! ஒரு மூட அரிசி போச்சு."

"இந்தா, ரெண்டாவது தடவையும் தொட்டுட்டாரு. எம்மவ கொலுசு போச்சு."

"சும்மா நிக்கையில ஒண்ணும் போகாதுல்ல?"

"நிக்கிறதுக்குத் தனி ரேட்டு மாப்ளே."

தோற்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தோற்றோம். மூன்றாவதாக அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி அணியிடம் தோற்றபோது, அவர்களும் எங்களைப் போலவே நாலு பேருக்கு மேல் உள்ளே போகாதவர்கள் என்பதால், ஆட்டம் இரண்டு சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பந்திக்கு அழைப்பது போல மரியாதையாக நடந்தது. அதிலும் தோற்றோம். எங்கள் கோல்கீப்பர் மெல்ல வைக்கப் பார்த்த பந்து கோட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மாதிரிப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது.

மறுநாள் முதலாளி என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். மேசைக்குப் பின்னால் லேபிள் கட்டுகள் கூரை வரை நின்றன. ஒவ்வொரு கட்டின் மேலும் நட்சத்திரம் கால் தூக்கி நின்றார்.

"சார், இவரக் கொஞ்ச நாள் உக்கார வெச்சுட்டு நம்ம பயலுகளயே ஆட விட்டா என்ன?"

நான் பதில் சொல்லுமுன் அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"முடியாது. வடக்கேருந்து ஏஜென்டுக வரப் போறாக. பெட்டில இருக்கிற ஆளு எங்கன்னு கேப்பாக. வெளிய உக்காந்து இருக்காருன்னா ராக்கெட்டும் உக்காந்துரும்னு நெனப்பாக. லேபிள் அடிச்சாச்சு சார்."

"ஆமாம்," என்றேன்.

"அப்ப கோளாறு எங்கன சார் இருக்கு? நீங்க உலகத்து ஆட்டமெல்லாம் பாக்கிறவுக. நீங்க சொல்லுங்க."

ஜன்னல் வழியே பார்த்தால் மச்சினன் தெரிந்தார். வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து, பந்துகளுக்குக் காற்றடித்து ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தீபாவளியோடு போர்மேன் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றிருந்தார். கம்பெனி வாசலுக்குள் நுழைய அவருக்கு இருந்த ஒரே காரணம் அந்த விசில்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"பயிற்சியில் கொஞ்சம் கோளாறு இருக்கலாம்," என்றேன்.

அவ்வளவுதான். 'இருக்கலாம்' என்று போட்டால் அது பொய்யாகாது என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். வாழ்நாள் முழுவதும் சோதனைக்கூடத்தில் மாணவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்ததைப் பார்த்து மதிப்பெண் குறைத்தவன் நான்.

மாலைக்குள் முடிவாகிவிட்டது. புதிய பயிற்சியாளர் நான். தண்டனை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மச்சினன் வீட்டுக்கே வந்து விசிலைக் கொடுத்தார். சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார்.

"சுடுதண்ணியில கழுவிட்டேன் அத்தான். கயிறும் புதுசு."

"மாப்ளே, இது எனக்கு..."

"உங்களுக்குத் தெரியாததா? டிவில பாக்கிறீகளே. நான் ஓடாதன்னு சொல்லியே பழகிட்டேன். எங்கிட்ட ஓட்டம் எங்கேருந்து வரும்? முதலாளி சொன்னது சரிதான்."

அவர் அதை நம்பிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபி கொண்டுவந்த என் மனைவி தம்பியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காபியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். அவள் கேட்காவிட்டால் விஷயம் பெரிது.

நான் பயிற்சியளித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாக்பீஸும் கரும்பலகையும் கொண்டுபோனேன். அம்புக்குறிகள் போட்டேன். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள், ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார். பிறகு மைதானத்தில் இறங்கி எப்போதும் போலப் பந்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். விசிலை எனக்கு ஊத வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அடுத்த ஆட்டத்தில் முன்பு தோற்றதைவிட மோசமாகத் தோற்றோம். கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"வாத்தியாரே, இது பாஸ் மார்க் வாங்குமா?"

"அரியர்ஸ்தான்!" என்றார் இன்னொருவர்.

மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் மச்சினன் தினமும் மாலை வந்து உட்கார்ந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதாம். ஆனால் சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவாராம்.

"இப்ப பந்து தம்பிகிட்ட போயிருக்கும், எல்லாரும் சும்மா இருக்கான் பாரு," என்பாராம் டீக்கடைக்காரரிடம். "இந்தா, அத்தான் விசில் ஊதப் பாக்காக. ஊதல."

நட்சத்திரம் பயிற்சி முடிந்ததும் நேரே அங்கே போய் அவருக்கு அருகில் உட்காருவார். மச்சினன் வீட்டுச் சமையல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. பரோட்டாவிலிருந்து அவரை மீட்டுக் கேப்பைக்களிக்குக் கொண்டுவந்தது மச்சினன் மனைவிதான். பயிற்சியாளர் பொறுப்பு போன பிறகும் அவர்கள் அந்த வேலையை விடவில்லை.

ஒரு நாள் மதியம் என் மனைவி சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காருவதில்லை.

"அந்த மலையாளத்துத் தம்பி உங்ககிட்ட போன்ல என்ன சொன்னாரு?"

குழம்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எங்கூருல ஆடுறதெல்லாம் சின்ன கிரவுண்டு, முட்டி வலின்னு மொதல்லயே சார்கிட்ட சொல்லியாச்சேன்னு, என் தம்பி பொண்டாட்டி களி கிண்டிட்டு இருக்கையில சொல்லியிருக்காரு. தம்பியும் அங்கனதான் உக்காந்திருந்தானாம்."

"உன் தம்பி என்ன சொன்னார்?"

"அத யாருகிட்டயும் சொல்லாதீக தம்பி, அத்தானுக்கு அசிங்கமாயிரும்னு சொன்னானாம்." எழுந்து நின்றாள். "டிவியப் பாத்து ஒவ்வொரு வருசமும் கத்துவீகளே, அயோக்கியப் பயலுக, கோச்சத் தொரத்திட்டானுகன்னு. இன்னிக்கி ஏன் சத்தத்தைக் காணோம்?"

மோரை வைக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே டீக்கடைக்குப் போனேன். மச்சினன் வழக்கம்போல முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பயிற்சிக்கு முன்பே வந்துவிட்ட நட்சத்திரம். நான் பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தேன்.

"மாப்ளே, அவர் முழு கிரவுண்டு ஆடியதில்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் பொய் சொன்னேன். முதலாளியிடம் உன் மேல் பழியைப் போட்டேன்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பையைத் தொடவில்லை.

"எங்கிட்ட எதுக்கு அத்தான் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. பயலுகளுக்குத் தெரியாது. கோச்சுக்கு ஒண்ணும் தெரியலன்னுதான் என்னய மாத்துனாகன்னு நெனச்சுட்டு இருக்கானுக. ரோட்டுல என்னப் பாத்தா சைக்கிள விட்டு இறங்கி, தலயக் குனிஞ்சுட்டுப் போறானுக. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி. அதான் எனக்குச் சகிக்கல." கண்ணாடித் தம்ளரை மெல்ல, சத்தமில்லாமல் வைத்தார். "அவனுககிட்ட சொல்லுங்க."

முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னேன். கோபமா என்று கேட்டேன்.

"இல்ல சார், லேபிளப் பத்தி யோசிச்சுட்டு இருக்கேன். சின்ன எடத்துலதான் நல்லா சுத்துவாருன்னு சொல்றீகளா?"

"ஆமாம்."

"அப்ப ராக்கெட்டுக்கு வேணாம். தரைச்சக்கரப் பெட்டிக்கு ஒட்டிருவோம். நான் இப்ப கிரவுண்டுக்கு வாரேன்."

அவர் வந்தார். மச்சினன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார், கூப்பிடாமல் வர மாட்டேன் என்பது போல. நான் மைதானத்தின் நடுவில் நின்று எல்லோரையும் பக்கத்தில் வரச் சொன்னேன். மெல்லிய குரலில், சுருக்கமாக, கண்ணியமாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வந்தார்கள். நாலு பேர் வந்து என் முன்னால் நின்றார்கள். அடுத்த நாலு பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். மீதிப் பேர் இன்னும் தள்ளி, கார்னர் கொடிக்குப் பக்கத்தில். எவ்வளவு அழைத்தும் அதற்கு மேல் நெருங்கவில்லை.

"கேக்குது சார், சொல்லுங்க!" என்று கொடிக்கருகே இருந்து ஒருவர் கத்தினார். அவருக்குக் கேட்க வேண்டுமானால் நானும் கத்த வேண்டும்.

கத்தினேன். "உங்கள் கோச் மேல் ஒரு தப்பும் இல்லை! தப்பு என்னுடையது!"

"என்ன சார்? காத்து அடிக்குது!"

"தப்பு என்னுடையது!"

"யாரோடது?"

"என்னுடையது! நான் பொய் சொன்னேன்!"

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வேலியோரம் வந்துவிட்டார்கள். மினிபஸ் ஒன்று நின்று ஆள் இறக்கியபடியே கேட்டது. தொலைக்காட்சிக்கு முன்னால் பயிற்சி பெற்ற தொண்டை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பயன்பட்டது. தொலைபேசியில் நட்சத்திரம் சொன்னது, நான் மறைத்தது, அலுவலகத்தில் 'இருக்கலாம்' என்றது எல்லாவற்றையும் நாரணாபுரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்தேன். நடுவில் இரண்டு இடங்களில் நன்றாகக் கேட்கவில்லை என்று திரும்பச் சொல்ல வைத்தார்கள். இரண்டாம் முறை அவர்களுக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

பிறகு கோல்கீப்பர் வாசல் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வெளிய எதுக்கு நிக்கீக? உள்ள வாங்க!"

"இங்கன எடம் இருக்குண்ணே!" என்றார் எப்போதும் கோட்டோடு நிற்கும் அந்த ஐந்தாமவர்.

மச்சினன் உள்ளே வந்தார். வேகமாக வரவில்லை, அவர் எங்குமே வேகமாகப் போனதில்லை. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மச்சினன் கையை உயர்த்தி, 'பிறகு' என்று சைகை காட்டிவிட்டு, என் முன்னால் வந்து கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். விசிலை எடுத்துத் துண்டால் ஒருமுறை துடைத்தார், இன்னொருமுறை துடைத்தார். நான் அவ்வளவாக ஊதவில்லை என்று சொல்ல நினைத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊதினார். எதிரே கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் ரவுண்டு போங்கலே. பாத்து." பிறகு என்னிடம் திரும்பினார். "லேட்டா வந்தவுகளுக்கு ரெண்டு ரவுண்டு அத்தான். நம்ம டீமுல அதான் வழக்கம்."

"நான் முதலிலேயே வந்துவிட்டேனே மாப்ளே."

"கிரவுண்டுக்கு மட்டுந்தான் மொதல்ல வந்தீக," என்றார்.

நான் நடந்தேன். அந்த மைதானம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் சுற்றின் பாதியிலேயே நட்சத்திரமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல், பந்தைக் கொண்டுபோய் வைப்பது போலவே. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் "வாங்க சார், வாங்க" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சாரே," என்றார் நட்சத்திரம், மூச்சு வாங்கியபடி. "இது சின்ன கிரவுண்டுன்னு சொல்லியல்லே?"

"சொன்னேன்," என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர், மச்சினன் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்று முடிந்ததும் விருதுநகர் பஸ் எத்தனை மணிக்கு, பரோட்டாக் கடை அதுவரை திறந்திருக்குமா என்று கேட்டார். மச்சினன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அங்கிருந்தே விசிலை ஊதினார்.